பொண்ணு இருக்கா

அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றப்போகும் ஆஸ்பத்திரியில், நாலு படி ஏறி இறங்கிவிட்டால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். என் அலுவலகத் தோழிக்கு அவள் நாத்தனார் சொன்னாளாம். நாத்தனாருக்கு யார் சொன்னார்களோ. முன்பு ஒரு வாரம் படுக்க வைப்பார்கள். இப்போது இரண்டே நாளாம்.

போனில் கேட்டால் அப்பா சிரிக்கிறார்.

"நல்லதுதானேம்மா. செலவு பாதியாகும். படுத்தே கிடந்தா வேற வியாதி ஒட்டிக்கும்னு டாக்டரே சொல்றார்."

"எனக்கு லீவு கிடைக்கப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் அங்கேயே இருங்கப்பா."

"அந்தப் பெட்டுக்கு வெளிய ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார். நான் என்ன, துண்டு போட்டு இடம் பிடிச்சு வெக்கவா?"

முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். "உள்ள போங்க, நடுவுல காலியாத்தான் கிடக்கு" என்று கத்தியே தொண்டை கரகரத்துப் போனவர். இறங்கும் இடம் வந்தும் இறங்காதவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா போனதிலிருந்து தனிக்கட்டை. என்னோடு வந்துவிடுங்கள் என்றால், "அங்க வந்து யார்கிட்ட சில்லறைக்குச் சண்டை போடறது?" என்பார்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் நாலு படியும் ஏறி இறங்கி, விசிலும் அடித்துக் காட்டினாராம். நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டார். பார்த்துக்கொள்ள யார் என்று கேட்டேன். "எல்லாம் ஏற்பாடு ஆச்சு" என்றார். எனக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது, தோண்டிக் கேட்கவில்லை.

இன்று ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். வீட்டுக்குப் போனவர்களை மறுநாள் விசாரிப்பது அவள் வேலை. நான் இன்னும் விடாமல் வைத்திருக்கும் பழைய ஊர் நம்பருக்குத்தான் அடித்தாள்.

"மேடம், காலையிலேருந்து சாருக்கு நாலு தடவை அடிச்சேன், எடுக்கலை. பக்கத்துலதானே இருக்கீங்க? அவர்கிட்ட கொஞ்சம் குடுங்க."

"சிஸ்டர், நான் வேற நாட்டுல இருக்கேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

"வீட்ல யார் இருக்கான்னு கேட்டேன் மேடம். 'பொண்ணு இருக்கா'ன்னார். அப்படியே எழுதிட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பொண்ணு இருக்கா. எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"உடனே ஆள் அனுப்பறேன், அரை மணியில போயிடுவாங்க" என்று வைத்துவிட்டாள்.

அப்பாவுக்கு அடித்தேன். எப்போதும் மூன்றாவது மணிக்குள் எடுப்பவர். குளியலறையில் இருப்பார். தூங்கியிருப்பார். கட்டிலிலிருந்து போன் இருக்கும் மேஜைக்குச் சாதாரணமாகப் பதினோரு அடி எடுத்து வைக்க வேண்டும். வாக்கரைப் பிடித்து நடந்தால் இருபது இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஓர் அடி என்று எண்ணுகிறேன்.

பதினேழு. பதினெட்டு.

வழியில் நின்று மூச்சு வாங்குவார், அதையும் சேர்க்க வேண்டும். துண்டித்துவிட்டு மறுபடி அடிக்கிறேன். மணி போய்க்கொண்டிருக்கிறது.