எருக்கஞ்செடிக்கு அம்மா கேட்ட கேள்வி

இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்ன உறவினர்கள், "நல்லதை மட்டும் எழுது சாமி" என்றார்கள். என் அண்ணனைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் நம்மைப் பற்றியது. அண்ணன் எல்லையில் உயிர்விட்டு ஓராண்டு ஆகிறது. இன்று இரண்டையும் எழுதுகிறேன். கோபம் தெரிந்தால் தெரியட்டும்.

அண்ணன் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா லாரி ஓட்டுநர். அண்ணன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா விபத்தில் காலமானார். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போனார்கள். பள்ளி விட்டதும் அண்ணன் நேராகப் பண்ணைக்குப் போய்த் தீவன மூட்டை இறக்குவார். வீட்டுக்கு வரும்போது இருவர் உடம்பிலும் ஒரே வாடை வீசும். நான் மூக்கைப் பிடித்தால், "இந்த வாசத்துலதான் உனக்கு ஸ்கூல் பை வந்துச்சு அம்மிணி" என்று சிரிப்பார்.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது முதல்முறை மார்பளவு போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருடம் விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரமாக ஓடினார். அடுத்த முறை தேறினார். விடுப்பில் வந்தால் தன் பூட்ஸோடு வீட்டிலிருக்கும் எல்லோருடைய செருப்பையும் பிரஷ் போட்டுத் தேய்த்து வைப்பார். அம்மாவின் ரப்பர் செருப்பைக்கூட விடமாட்டார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் பனியைப் பற்றியும் சப்பாத்தியைப் பற்றியும் மட்டும் சொல்வார். துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி ஒருநாளும் எங்களிடம் பேசியதில்லை.

என் கல்யாணம் முடியும்வரை தனக்குப் பெண் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். முடிந்த பிறகு பார்த்தோம். ஏழு வீடு ஏறினோம். எல்லா இடத்திலும் ஜாதகம் பொருந்தியது. "மாப்ள மிலிட்டரிங்களா?" என்று கேட்டவுடன் காப்பி டம்ளர் உள்ளே போய்விடும். சொந்தமாகப் போர்வெல் போடும் ரிக் வண்டி இருக்கிறவருக்கும் லாரி இருக்கிறவருக்கும்தான் பெண் என்றார்கள்.

எட்டாவதாக அம்மாவின் உடன்பிறந்த தம்பி, எங்கள் மாமா வீட்டுக்கே போனோம். அவர் மகள் அண்ணனுக்கு முறைப்பெண். மாமா சொன்னார்: "மாப்ள தங்கமான பையந்தான் அக்கா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்புள்ள தாலியறுத்துட்டு நிக்கோணுமா?"

அன்று இரவு ஃபோனில் நான் அழுதேன். அண்ணன் அழவில்லை. "இனி எனக்காக யார் ஊட்டுப் படியும் ஏறாதீங்க அம்மிணி" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

மாமா பயந்தது நடந்துவிட்டது. எல்லை தாண்டி வந்தவர்களோடு மலைக்காட்டில் நடந்த சண்டையில், அடிபட்ட ஒருவரை இழுத்து வரப் போன அண்ணன் சுடப்பட்டார். பெற்ற தகப்பனின் பயத்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் ஆத்திரம் அதற்குப் பின் நடந்ததில்தான்.

சவப்பெட்டி வருமுன்பே ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. "எங்கள் குலக்கொழுந்தே" என்று எழுதி, கீழே வரிசையாகப் படங்கள். கதவைச் சாத்திய வீடுகளில் ஐந்து பேர் அந்த வரிசையில் கைகூப்பி நின்றார்கள்.

தேசியக் கொடி போர்த்திய பெட்டி வாசலில் இருக்கிறது. மரியாதை செலுத்தச் சிப்பாய்கள் வரிசையில் நிற்கிறார்கள். அப்போது மாமா எருக்கஞ்செடி ஒன்றை வேரோடு பிடுங்கி வந்தார். மஞ்சள் கயிறும் தயாராக இருந்தது. கல்யாணமாகாமல் போனவரைச் செடிக்குத் தாலி கட்டவைத்துத்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆத்மா அலையும் என்பது நம் வழக்கம். மாமா என்னைப் பார்த்து, "வா சாமி, இணைச்சீர்க்காரி நீதான் பக்கத்துல நிக்கோணும்" என்றார்.

இணைச்சீர் என்பது நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிக்குச் செய்யும் சீர். அண்ணன் பக்கத்தில் பட்டுக் கட்டி நிற்கும் அந்த நாளுக்காக நான் எத்தனை ஆசையோடு இருந்தேன் என்பது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் போகவில்லை.

அம்மா எழுந்தார்கள். குரலை உயர்த்தவில்லை.

"இந்தச் செடிக்கு அப்பன் யாரு தம்பி? பட்டாளத்தானுக்குக் குடுக்கச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தயா?"

மாமா செடியைக் கீழே போட்டார். பெட்டியோடு வந்திருந்த ஹவில்தார், "நீங்க சொல்றபடி செய்றோம்மா" என்றார். "எடுங்க சாமி. எம்பையன் அலைய மாட்டான்" என்றார்கள் அம்மா.

இந்த ஓராண்டில் ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் வண்டி கவிழ்ந்தாலும் அண்ணன் பெயரை இழுத்தார்கள். இன்றைய நினைவு நாளிலாவது படத்தை வைத்துச் செடிக் கல்யாணத்தை முடித்துவிடச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்தது. அம்மாவின் பதிலையே இங்கே அச்சடித்துத் தருகிறேன்: முடியாது. தன் உயிரைக் கொடுத்து இன்னொருவரை இழுத்து வரப் போனவர், செத்தபின் உங்கள் பிள்ளைகளைப் பிடிப்பாரா? வெட்கமாக இல்லையா?

பதினாறு நாளும் அம்மாவின் வேலையைச் சேர்த்துச் செய்த பண்ணைப் பெண்களுக்கும், அம்மா ஒரு வாய் சாப்பிடும்வரை தண்ணீர்கூடக் குடிக்காத அந்த ஹவில்தாருக்கும், மூன்று வேளையும் உலை வைத்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மற்றவர்களுக்கு ஒன்று. நம் ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேர் பட்டாளத்தில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் பெண் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். மறுத்தால், பிறகு அந்த வாசலுக்குச் செடியைப் பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள்.