பிரேக்கக்காவின் வலது கால்

எதிரே இருப்பவர் கொஞ்சம் வேகமாகப் பேசினால் போதும், சாப்பாட்டு மேசைக்கடியில் பிரேக்கக்காவின் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்துவிடும். பேருந்தில் போனாலும் அழுத்துவார். தொலைக்காட்சியில் யாராவது மலைப்பாதையில் வண்டி ஓட்டினாலும் அழுத்துவார். இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையே கதி என்று இருப்பவர். அவர் சொல்வதை அந்தக் கால் கேட்பதில்லை. எந்தச் செருப்பு வாங்கினாலும் வலதுதான் முதலில் தேயும்.

பிரேக்கக்கா என்பது கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்த பெயர். அந்தக் காரில் அவர் பக்கமும் ஒரு கிளட்சு, ஒரு பிரேக் உண்டு. ஆக்ஸிலரேட்டர் மட்டும் கிடையாது. "முடுக்கறது உன் வேலை, நிறுத்தறது என் வேலை" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். பாராட்டுவதில் பரம கஞ்சம். நன்றாக ஓட்டினால் ஒரு "ம்". மிக நன்றாக ஓட்டினால் அந்த "ம்"மும் கிடையாது. இருபது பாடத்தில் ஒன்று குறைந்தாலும் பரீட்சைக்கு அனுப்பமாட்டார். சிபாரிசோடு வந்தால், "உங்களுக்குத் தெரிஞ்சவரு வளைவுல வந்து பிரேக் போடுவாரா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

ஒரே ஒருவனைத்தான் பத்துப் பாடத்தோடு அனுப்பினார், சொந்தத் தம்பியை. பதினோரு வயது இளையவன். அம்மா போனபின் இவர் தலை வாரிவிட்டு வளர்த்த பிள்ளை. "கை நல்லா வந்துடுச்சேன்னு விட்டுட்டேன். கோவம் வந்தா வண்டியில ஏறக் கூடாதுங்கறத சொல்லிக் குடுக்கல. அது என் தப்பு" என்பார், யாரும் கேட்காமலே.

அந்தத் தம்பியின் மனைவி, கணவனுக்குத் தெரியாமல் ஒரு வாரமாக நாத்தனாரிடம் வண்டி பழகிக்கொண்டிருந்தாள். ஒரு பிற்பகலில் விஷயம் தெரிந்து, அவன் டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கே வந்துவிட்டான்.

"யாரக் கேட்டு ஸ்டியரிங்கத் தொட்ட?"

"என் கையால தொட்டேன். அதுக்கு யாரக் கேக்கணும்?"

அவ்வளவுதான். அவளை டிரைவிங் ஸ்கூல் காரின் பின் இருக்கையில் தள்ளிக் கதவைச் சாத்தினான். "வண்டி ஓட்டறதுன்னா என்னன்னு இப்ப காட்டறேன் பாரு" என்று கிளப்பினான். பிரேக்கக்கா ஓடிவந்து மறுபக்கம் ஏறுவதற்குள் சக்கரம் உருண்டுவிட்டது. எப்படியோ தொற்றி ஏறிக்கொண்டார்; அவருடைய ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது.

இரண்டு சிவப்பு விளக்குகளைத் தாண்டினான். ஓரமாக நின்ற பைக் ஒன்றைச் சாய்த்தான். மூன்றாவது சந்திப்பில் போலீஸ் ஜீப் ஒன்று சைரனோடு பின்னால் ஒட்டிக்கொண்டது. நிறுத்தச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தக் கத்த இவன் இன்னும் மிதித்தான். "அண்ணி, நிறுத்துங்க அண்ணி!" என்று பின்னாலிருந்து அலறல். ஆனால் சும்மாவே தரையை அழுத்துகிற அக்காவின் கால், பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே அசையாமல் நின்றது. அந்த வேகத்தில் அழுத்தினால் வண்டி சுழலும், ஜீப் வந்து பின்னால் இடிக்கும், இடிபடுகிற பக்கம் இருப்பவள் அந்தப் பெண்.

மேம்பாலத்தின் ஏற்றம் வந்தது. முன்னால் பாதை காலி. முதலில் தன் பக்கத்துக் கிளட்சை அடிவரை மிதித்தார். எஞ்சின் ஊளையிட்டது, அவன் எவ்வளவு முடுக்கியும் சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அப்புறம்தான் பிரேக், கொஞ்சம் கொஞ்சமாக. பாலத்தின் உச்சியைத் தொடுமுன்பே வண்டி நின்றது.

ஜீப்பிலிருந்து இறங்கிவந்த இன்ஸ்பெக்டர் கூரைமேல் இருந்த எல் போர்டைப் பார்த்தார். "என்னம்மா, பாடமா?"

தம்பி முந்திக்கொண்டான். "ஆமா சார். அக்காதான் சொல்லிக் குடுக்கறாங்க. வண்டி கன்ட்ரோல் போயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு போதும், அபராதத்தோடு முடிந்திருக்கும். இல்லையென்றால் தம்பிக்குச் சிறை. பின்னால் முழங்கை சிராய்த்து ரத்தம் கசிய, அந்தப் பெண் காத்திருந்தாள்.

"பாடம் இல்ல சார். பாடம்னா நான் பெல்ட் போட்டிருப்பேன்" என்றார் அக்கா.

பிறகு சொந்தக்காரர்கள் படையெடுத்தார்கள். "கோர்ட்டுல வார்த்தைய மாத்திச் சொல்லிடும்மா. கூடப் பொறந்தவன் உள்ள போயிடுவான்" என்று சித்தப்பா கெஞ்சினார்.

"கூடப் பொறந்தவன்தான் சித்தப்பா. அதான் ஒரு தடவ பாதியில விட்டுட்டேன். இந்தத் தடவ முழுப் பாடமும் முடிக்கட்டும்."

கோர்ட்டிலும் "பாடம் இல்ல" என்றேதான் சொன்னார். மூன்று மாதச் சிறை, இரண்டு வருடத்துக்கு லைசென்ஸ் ரத்து. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். முகம் கழுவிக்கொண்டு நாலரை மணிப் பாடத்துக்குப் போய்விட்டார். சொந்தத்தில் பாதிப்பேர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. தம்பி மனைவி அவர் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறாள். விட்ட இடத்திலிருந்து பாடத்தையும் தொடங்கிவிட்டாள்.

போன வாரம் அவளுக்கு இருபதாவது பாடம். கார் டிரைவிங் ஸ்கூலை விட்டுக் கிளம்பியபோது, விடுதலையாகி வந்த அவன் வாசலின் நட்டநடுவில் நின்றிருந்தான்.

"அண்ணி..." என்றாள் அவள்.

"ரோட்டப் பாரு."

அவளாகவே வேகத்தைக் குறைத்து, அவனுக்கு நாலடி முன்னால் நிறுத்தினாள். அவன் ஜன்னலோரம் வந்து குனிந்தான். "வீட்டுக்கு வா."

"பாடத்துல இருக்கேன். வழி விடுங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா ரோட்டைப் பார்த்தார். அவன் மெல்ல விலகிக்கொண்டான். அவள் முதல் கியரைப் போட்டு, கிளட்சை அலுங்காமல் விட்டு, வண்டியை வாசல் தாண்டித் திருப்பினாள்.

பிரேக்கக்கா "ம்" சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின்மேல் மடித்து வைத்துக்கொண்டார்.