கண்ணை மூடினால் விழுகிறவள்

என் தங்கச்சிக்கு அப்பண்டிக்ஸ் வெடித்துவிட்டது. மடுல்சீமை ரோடு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்து லொறியில் டவுனுக்கு இறக்குவதற்குள் வயிறெல்லாம் சீழ். ஆப்பரேஷன் செய்தார்கள். அதோடு ஆரம்பித்த ஊசி, பிறகும் நாள் தவறாமல் ஏறியது. பிழைத்து வந்தாள்.

வந்தவளிடம் பழைய நடை இல்லை. லயத்து வீட்டு வாசலில் இறங்கவே சுவரைப் பிடித்தாள். இருட்டோடு பைப்படிக்குப் போனால் தள்ளாடினாள். "ரத்தம் கம்மி, சரியாயிரும்" என்றார்கள். அவளுக்கு ஒரே கவலைதான்: மறுபடி மலையேறிக் கொழுந்து எடுக்க முடியுமா? புருஷனை இழந்தவள். அந்த மலைதான் அவளுக்குச் சோறு.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் எல்லோரும் எழுந்து கண்ணை மூடினோம். அவள் தொப்பென்று விழுந்தாள். பதறித் தூக்கப் போனேன். "தொடாதீங்க, ஆவியானவர் இறங்கியிருக்காரு" என்று பாஸ்டர் தடுத்தார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எழுந்தவள் முகத்தில், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு.

"என்னைத் தொட்டுட்டாருக்கா. சீக்கிரமே மலைக்கு அனுப்பிருவாரு."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சந்தோஷமாக விழுந்தாள். தலை பெஞ்சில் அடிபடாமல் நான் பக்கத்திலேயே நின்றேன். விசுவாசம் இல்லாதவள் என்று எனக்குப் பெயர் வேறு.

ஆப்பரேஷன் காயத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நடையைப் பற்றி நான்தான் வாயைத் திறந்தேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "காலைச் சேர்த்து நில்லுங்கோ. இப்ப கண்ணை மூடுங்கோ" என்றார். மூடினாள், சாய்ந்தாள். அவர் தாங்கிப் பிடித்தார். அவர் கையில் கிடந்தபடியே, பழக்கத்தில், "ஸ்தோத்திரம்" என்றாள் தங்கச்சி.

அவர் அவளை உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார்.

"அந்த ஊசி மருந்துதான் அம்மா. போடாட்டி நீங்கள் தப்பியிருக்க மாட்டீங்கள். ஆனால் காதுக்குள்ள எங்களை விழாமல் வச்சிருக்கிற நரம்பை அது பழுதாக்கிப்போட்டுது. இனிக் கண்தான் உங்களைத் தாங்கும்; வெளிச்சத்தில பார்த்து நடக்கலாம். மலைச்சரிவில ஏற வேண்டாம்."

"பழைய நடை திரும்ப வராதுங்களா?" என்று கேட்டேன்.

"வாறது கஷ்டம்."

பஸ் தோட்டத்தை நெருங்கியபோது, மேலே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப என்னைத் தொட்டது அவரு இல்லையாக்கா?"

ஊரையே எதிர்த்துப் பேசுகிற வாய் எனக்கு. அன்றைக்கு அவள் கையைப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்கிவிடத்தான் முடிந்தது.

அடுத்த ஞாயிறு எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி நின்றாள். விழவில்லை. பாவி மனுஷி, அழுதுகொண்டே நின்றாள்.