மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றவள்

இதில் ஒரு வரிகூட ஜோடனை இல்லை. பெயரைக்கூட மாற்ற வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். லிகாயா. நார்வேயில், பெர்கன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். போன ஜூலை மாதம், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், என் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். வலது கையில் காப்பிக் கோப்பை. இடது கையில் கம்பளிக் கையுறை. கடைசிவரை அவளாக அதைக் கழற்றவில்லை.

நடந்தது அதற்கு முந்தைய வருடம், பிப்ரவரியில்.

மணிலாவில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் வேலை பார்த்தவர்கள் லிகாயாவும் தெல்மாவும். லிகாயாவின் மகள் பியாவை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்றவள் தெல்மா. அப்படி ஏந்தியவள் அந்தக் குழந்தைக்கு ‘நினாங்’, ஞானத்தாய். குழந்தையின் தாய்க்கு ‘மாரே’. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் மாரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

தெல்மாவுக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் இடது கை விரல்களை வரிசையாக நெட்டி முறிப்பாள். டக்... டக்... டக்... டக். கட்டைவிரலில் மட்டும் சத்தம் வராது. எவ்வளவு மடக்கினாலும் வராது.

நார்வேக்கு இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பித்தார்கள். ஒரே நாளில் போய்க் கைரேகை கொடுத்தார்கள். லிகாயாவின் கணவன் நேஸ்தோர் ஏற்கெனவே பெர்கனில் மீன் ஆலையில் இருந்தான். அவளுக்கு விசா கிடைத்தது. தெல்மாவுக்கு மறுத்துவிட்டார்கள்.

“நீ போய்க் கதவைத் திற மாரே. பின்னாடியே நான் நுழைஞ்சிடுறேன்.”

“உன்ன விட்டுட்டுப் போவேனா? பெட்டியில மடிச்சு வச்சாவது கூட்டிட்டுப் போவேன்.”

“என் இடுப்புக்கு உன் பெட்டி பத்தாதுடி.”

சிரித்தார்கள். அடுத்த வாரம் தெல்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. தான் வேலை பார்த்த வார்டிலேயே படுத்தாள். லிகாயா தன் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தாள். தெல்மா பிழைக்கவில்லை.

விசாவில் ஒரு கடைசி நாள் போட்டிருந்தது. அதற்குள் நுழையாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. நேஸ்தோரைப் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற பியாவை, கோடையில் அழைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். கிடைத்த ஒரே விமானம் அந்தக் கடைசி நாளில் போய் இறங்குவது.

அதனால் துக்க வீட்டிலிருந்தே கிளம்பினாள். கூடம் நிறைய ஆட்கள். ஒரு மேசையில் சீட்டாட்டம், ஒரு மேசையில் பிஸ்கட்டும் காப்பியும். நடுவில் சவப்பெட்டி, முகத்துக்கு மேலே கண்ணாடி. லிகாயா அந்தக் கண்ணாடிமேல், கல்யாண மோதிரம் போட்ட இடது கையை வைத்தாள்.

“மாரே... வா. சேர்ந்து போறோம்னுதானே பேசினோம்?”

சீட்டுக் கலைக்கிற சத்தம் நின்றது.

“அந்த வார்த்தைய இங்க சொல்லாதடி!” என்றாள் தெல்மாவின் அத்தை. “திருப்பி எடுத்துக்க.”

எடுத்துக்கொள்ள நேரமில்லை. வெளியே வண்டி நின்றது.

துக்க வீட்டுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்பக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். வழியில் எங்காவது, ஒரு காப்பிக் கடையிலாவது, உட்கார்ந்து எழுந்து போக வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்தது அங்கேயே உதிர்ந்துவிடும். படித்தவர், படிக்காதவர், டாக்டர், நர்ஸ் எல்லோரும் செய்வதுதான். வண்டி ஓட்டிய தங்கை புருஷனும் கேட்டான்.

“பர்கர் கடையில ரெண்டு நிமிஷம் நிறுத்தட்டுமா அக்கா? உதறிட்டுப் போலாம்.”

“நெரிசலப் பாத்தியா? விமானம் போயிடும். ஆம்ஸ்டர்டாம்ல இறங்கி மாறத்தான் போறேன். அங்க உதறிக்கிறேன்.”

“அதுவும் சரிதான். பேய்க்கும் விசா வேணுமே.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விமானத்தில் வலது பக்கத்துச் சன்னலோரம் அவள். அவளுக்கு இடது பக்கம் காலி இருக்கை. அதற்கு அடுத்து போயெத் என்ற கப்பல்காரர், ஐம்பது வயதிருக்கும், ராட்டர்டாமில் கப்பல் ஏறப் போகிறவர். மடியில் பெரிய பையை வைத்துக்கொண்டு நெளிந்தார்.

“நடு சீட்ல வைக்கலாமே குயா, காலியாத்தானே இருக்கு?” என்றாள். குயா என்றால் அண்ணன்.

அவர் அந்த இருக்கையைப் பார்த்தார். “வேணாம் இந்தாய்.” அவர் ஊர்ப் பக்கம் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “யாரு செத்தது?”

“எப்படித் தெரியும்?”

“மெழுகுவத்தி வாசம், மல்லிகை வாசம். எங்க நிறுத்தி உதறின?”

“...எங்கயும் இல்ல.”

போயெத் சிலுவை போட்டுக்கொண்டார்.

விளக்கை அணைத்தார்கள். பணிப்பெண் வந்து அவளுக்கு ஒரு போர்வை கொடுத்தாள். இன்னொன்றை விரித்து... காலி இருக்கைமேல் போர்த்தினாள். கழுத்துவரை இழுத்துவிட்டாள். தூங்குகிறவர்களுக்குச் செய்வதுபோல.

அது யாருக்கு என்று லிகாயா கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஆம்ஸ்டர்டாமில் இறங்கியபோது காலை பதினொன்றே கால். பெர்கன் விமானம் ஒன்று பத்துக்கு. ஐரோப்பாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை. அதைத் தாண்டினால்தான் அடுத்த விமானத்துக்கே வழி.

“வா. அதோ காப்பிக் கடை” என்றார் போயெத். “பத்து நிமிஷம் உக்காரு, எழுந்திரு, திரும்பிப் பாக்காம நட. அவ்வளவுதான்.”

“வரிசையப் பாருங்க குயா! எனக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

“உதறாமப் போகாத.”

“முத்திரை விழட்டும். அந்தப் பக்கம் போய் ரெண்டு காப்பியாக் குடிக்கிறேன்.”

போயெத் கப்பல்காரர்களுக்கான தனி வழியில் போய்விட்டார். லிகாயா நீண்ட வரிசையில் நின்றாள். பகல் வெளிச்சம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஆட்கள். அழுகிற குழந்தைகள், உருளுகிற பெட்டிகள். பயப்பட அங்கே என்ன இருக்கிறது?

ஆனால் அவளுக்குப் பின்னால் நின்ற குடும்பம் ஒட்டி வரவில்லை. வரிசை நகரும்போதெல்லாம் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டே நகர்ந்தது.

இடது கை சில்லிட்டிருந்தது. தெருவைக் கடக்கும்போது தெல்மா பிடித்துக்கொள்கிற கை.

டக்...

யாரோ பேனாவை அழுத்துகிறார்கள் என்று நினைத்தாள்.

டக்... டக்... டக்.

ஐந்தாவதுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

“அடுத்தவங்க!”

கூண்டுக்குள் இளம் அதிகாரி. பாஸ்போர்ட்டை வாங்கினார். நிமிர்ந்தார். அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“ஒவ்வொருத்தரா வாங்க மேடம்.”

“நான் மட்டும்தான் சார்.”

“அவங்கள மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நிக்கச் சொல்லுங்க.”

திரும்பினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை.

“ம், அங்கேயே நில்லுங்க. நன்றி” என்றார் அவர், யாரிடமோ. “வலது கை. நாலு விரலையும் கண்ணாடிமேல வைங்க.”

வைத்தாள். ஒன்றும் வரவில்லை.

“ரேகையே இல்லையே?”

“நர்ஸ் சார். கழுவிக் கழுவித் தேஞ்சு போச்சு.”

“அப்போ இடது கை.”

கண்ணாடி ஜில்லென்றிருந்தது. துக்க வீட்டில் சவப்பெட்டிமேல் இருந்த கண்ணாடிபோல.

பீப். சிவப்பு.

மறுபடி வைத்தாள். பீப். சிவப்பு.

அதிகாரி முகம் மாறியது. “இந்தக் கை உங்க ரேகையோட ஒத்து வரலையே.”

அவளை ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி இல்லை.

பன்னிரண்டு இருபது.

வயதான பெண் அதிகாரி ஒருத்தி உள்ளே வந்தாள். அன்பான முகம். கையில் காகிதக் கோப்பையில் தண்ணீர்.

இரண்டு கோப்பை.

ஒன்றை லிகாயா முன்னால் வைத்தாள். இன்னொன்றைப் பக்கத்து நாற்காலிக்கு முன்னால்.

“களைப்பா இருப்பீங்க, ரெண்டு பேரும் குடிங்க. விஷயம் இதுதான். விசா ஒருத்தருக்குத்தான் இருக்கு. நீங்க சேர்ந்து வந்தவங்கன்னா, ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் விசாரிக்கணும். நாளைக்கு ஆயிடும்.”

“நாளைக்கா? என் விசா இன்னிக்கோட...”

“தெரியும்மா. அதான் கேக்கறேன். இவங்க உங்களோட வந்தவங்களா?”

சுவருக்கு அப்பால் ஒலிபெருக்கி. பெர்கன் பயணிகள்... பெர்கன் பயணிகள்...

லிகாயா பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. மேசைமேல் அந்த இரண்டாவது கோப்பை மட்டும் தெரிந்தது.

தண்ணீர் குறைந்திருந்தது.

டக்...

“சொல்லுங்கம்மா.”

டக்...

பியா. நேஸ்தோர். பியா.

டக்...

“...இல்ல.”

“தெரிஞ்சவங்களா?”

டக்...

“தெரியாது. யாருன்னே தெரியாது.”

சத்தம் நின்றது.

அறையில் மல்லிகை வாசம். மூச்சு முட்டும் அளவுக்கு. இடது கையை எதுவோ இறுக்கிப் பிடித்தது. எலும்புவரை குளிர்ந்தது. பிறகு... விட்டது.

பெண் அதிகாரி தன் கைப்பையிலிருந்து களிம்பு எடுத்தாள். “இந்தாங்க, வலது விரல்ல தடவிட்டு வைங்க. வரும்.”

பச்சை.

தட். முத்திரை விழுந்தது.

“ஓடுங்க, விமானத்தப் பிடிங்க. இவங்க இங்கயே இருக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்.”

கதவு திறந்தது. ஓடினாள்.

“மாரே...”

திரும்பக் கூடாது.

“மாரே...!”

திரும்பவில்லை. ஆனால் வழி அந்தக் கண்ணாடிச் சுவரை ஒட்டித்தான் போனது. ஓரக் கண்ணில் பட்டுவிட்டது. உள்ளிருந்து ஒரு இடது கை கண்ணாடியில் பதிந்திருந்தது. ஆவி படிந்த ஐந்து விரல்கள்.

நான்காவது விரலில், மோதிரத்தின் கோடு.

தெல்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பெர்கனில் நேஸ்தோர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு கையைப் பிடித்தவன் கேட்டான்.

“மோதிரம் எங்க?”

இடது கையில் மோதிரம் இல்லை. குளிரில் விரல் சுருங்கி நழுவியிருக்கும் என்றாள். அவளும் அப்படித்தான் நம்பினாள். ஏப்ரல்வரை.

ஏப்ரலில் குடியிருப்பு அட்டைக்காகக் காவல் நிலையத்தில் இரண்டு கை ரேகையும் எடுத்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

“வலது கை சரியா இருக்கு. இதுக்கு முன்னாடி வேற பேர்ல விண்ணப்பிச்சிருக்கீங்களா?”

“இல்லையே.”

“இடது கை ரேகைக்கு வேற ஒருத்தங்க வர்றாங்க. விசா மறுக்கப்பட்டவங்க. இவங்கள உங்களுக்குத் தெரியுமா?”

திரையைத் திருப்பிக் காட்டினார்.

தெல்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

இம்முறை லிகாயாவால் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. மெஷின் எதையோ குழப்புகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். அட்டை வந்துவிட்டது. கையுறை அன்றைக்குப் போட்டதுதான்.

இதைச் சொல்லி முடித்தபோது லிகாயாவின் வலது கை கோப்பையைச் சுற்றியிருந்தது. இடது கை மேசைமேல் தனியாகக் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அசைக்கவில்லை.

கம்பளிக்குள்ளிருந்து...

டக்... டக்... டக்... டக்.

தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த பியா உள்ளே ஓடி வந்தாள். ஆறு வயது. மணிலாவிலிருந்து வந்து ஒரு வருடமாகிறது. கையுறை விஷயம் குழந்தைக்கு யாரும் சொன்னதில்லை. தாய் நீட்டிய வலது கையை அவள் தொடவே இல்லை. மேசையைச் சுற்றிப் போய், கையுறையை உருவிப் போட்டுவிட்டு, அந்த இடது கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா நினாங், வீட்டுக்குப் போலாம்.”