கையில் மிஞ்சிய ஒரு கல்

மேஸ்திரி, நீர் பொய் சொன்னீர். அந்தப் பொய்க்கு நான் சாட்சி சொன்னேன்.

குஜிலியம்பாறைப் பக்கம் அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரியில் ஐம்பதுகளில் நான் சேர்ந்தபோது மிஷின் எதுவும் கிடையாது. ஒருவர் நீளக் கம்பியைப் பாறைமேல் நிறுத்தித் திருப்புவார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒரு குழி இறங்க அரை நாள். குழியில் வெடிமருந்தைக் கெட்டித்துத் திரி வைப்பார்கள்.

என் வேலை வெடியை எண்ணுவது. எத்தனை திரிக்கு நெருப்பு வைக்கிறார்களோ அத்தனை கூழாங்கல் என் கையில் இருக்கும். ஒரு சத்தத்துக்கு ஒரு கல்லைக் கீழே போடுவேன். கை காலியானால்தான் ஆள் இறங்கலாம். கல் மிஞ்சினால் எங்கோ ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது, அன்றைக்கு வேலை கிடையாது. எழுத்துத் தெரியாதவர்கள் வகுத்த முறை. ஒருவரும் மீறியதில்லை.

அறுபதுகளில் காற்றழுத்தத்தில் பாறையைத் துளைக்கும் கம்பிரசர் மிஷின் வந்தது. மத்தியானத்துக்குள் எட்டுக் குழி. மிஷினைப் பிடித்தவர் எனக்கு அண்ணன் முறை. அவர் மனைவி அதே குவாரியில் கல் சுமந்தார்.

அன்று எட்டுத் திரி வைத்தார்கள். ஏழு சத்தம்தான் கேட்டது.

“ஒண்ணு கெடக்குண்ணே” என்றேன் உம்மிடம்.

“ஏலே, ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும். காதுல என்ன சுண்ணாம்பா அடைச்சிருக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“இல்லண்ணே, ஏழுதான்.”

“அம்புட்டுப் பெரிய மிஷினு சும்மா நிக்குது. கல்லக் கீழ போடுறியா, இல்ல நாளைலருந்து பொம்பளைகளோட கூடை தூக்குறியா?”

போட்டேன்.

மிஷின் பிடித்த அண்ணன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காலியானதும் இறங்கினார்.

வழவழப்பான பாறையில் மிஷின் முனை வழுக்கும். அதனால் பழைய குழியின் பள்ளத்திலேயே முனையை வைத்து ஓட்டப் பழகியிருந்தார்கள். கம்பிக் காலத்தில் யாரும் செய்யாத காரியம். அவர் முனை வைத்த பள்ளத்தில் வெடிக்காத மருந்து இருந்தது.

சாவை விசாரிக்க ஜீப்பில் அதிகாரி வந்தார். “குடிச்சிருந்தான் சார். சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிட்டான்” என்றீர். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“ஆமா சார்” என்றேன்.

டீயைத் தவிர எதையும் தொடாத மனிதர் அண்ணன்.

அவர் மனைவி ஒரே தடவை என்னிடம் கேட்டார்: “ஏப்பா, கல்லு மிஞ்சுச்சா?”

“இல்ல மதினி.”

“அப்ப குடிச்சிருந்தாராக்கும்.”

அதன் பிறகும் அவர் அங்கேதான் கல் சுமந்தார். ‘குடிகாரன் பொண்டாட்டி’ என்று மற்றவர்கள் பேசுவது காதில் விழும். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். என்னை நீர் கூடை தூக்க விடவில்லை. எண்ணும் வேலையிலேயே வைத்துக்கொண்டீர். அதன் பிறகு சரியாகத்தான் எண்ணினேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் மதினியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. “எங்கிட்டச் சொல்லி என்ன? ஊர்ல சொல்லு” என்றார்.

இதோ, ஊர் அறியச் சொல்லிவிட்டேன். நான் பொய்ச்சாட்சி. இனி உம் முறை. திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறீரே, அதே மந்தைத் திடலில், மதினி உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லும்: அவர் குடித்திருந்தாரா?