எதிரில் உட்கார்ந்தவள்

லூர்துமேரி திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் ஆயாவாக இருந்தவள். மறதி முற்றியவர்களுக்குப் பொத்தான் போடவும் செம்பு தூக்கவும் மறுபடி பழக்குவாள். பின்னால் உட்கார்ந்து அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். கடைசி அசைவை மட்டும் முதலில் அவர்களிடம் விடுவாள். அது படிந்தபின் அதற்கு முந்தியதை விடுவாள்.

1958 ஆடியில் பிரம்மதேசம் சக்கரபாணி அவளை வரவழைத்தார். அவர் மனைவி கெங்கம்மாளுக்குச் சாப்பிடத் தெரியவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஊட்டினால் துப்புவாள். பேச்சும் நின்று பல மாதம் ஆகியிருந்தது.

"அமாவாசைக்குள்ள அவளே எடுத்துத் துன்னணும். இல்லாட்டி வண்டி கட்டிக்கினு போய் மண்டபத்துல உட்டுட்டு வர்றதுதான்" என்றார். பேய் பிடித்தவர்களைச் சங்கிலியில் கட்டிவைக்கும் மண்டபம் அது.

சேரியில் பிறந்தவள் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது. லூர்துமேரி தோட்டத்து வாசலுக்கு வெளியே உட்கார்ந்தாள்; கெங்கம்மாள் உள்ளே, நேர் எதிரில். தன் இலையில் கேப்பைக்களியைக் கிள்ளி, குழம்பில் தொட்டு, மெல்லத் தின்று காட்டினாள். ஒன்பது நாள் கெங்கம்மாள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

பத்தாம் நாள் கிள்ளினாள். தொட்டாள். தின்றாள். இடக்கையால்.

சக்கரபாணிக்கு முகம் வெளுத்தது. "பொன்னி" என்றார்.

பொன்னி கெங்கம்மாளின் அக்காள், அவருடைய மூத்த தாரம். அந்த வீட்டில் இடக்கையால் தின்றவள் அவள் ஒருத்திதான். செத்து முப்பது வருடம்.

கெங்கம்மாள் தலை நிமிர்ந்தாள். "இன்னா மாமா?"

அவர் இரண்டடி பின்வாங்கினார். "இப்பவே வண்டி கட்றேன்."

லூர்துமேரி தன் இலையையும் எதிரே இருந்த தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. நான் எதிர்ல குந்திகினு காட்னேன். என் சோத்துக்கை அவங்களுக்கு பீச்சாங்கைப் பக்கம் தெரியுது, கண்ணாடியில பாக்கறாப்பல. பின்னால குந்தி கையப் புடிச்சா மாறிடும்."

"ஊட்டுக்குள்ள வரணும்ன்றியா?"

"சங்கிலி போடறவன் இன்னா சாதின்னு கேட்டீங்களாய்யா?"

சக்கரபாணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "வா."

லூர்துமேரி உள்ளே போய்ப் பின்னால் உட்கார்ந்து வலது மணிக்கட்டைப் பிடித்தாள். ஐந்தாவது கவளத்தில் பிடியை விட்டாள். வலக்கை தானாகவே வாய்க்குப் போனது. சக்கரபாணி திரும்பிப் பார்த்தார். வண்டி வேண்டாம் என்று தோட்டத்துப் பக்கம் குரல் கொடுத்தார்.

அப்போதுதான் லூர்துமேரி கவனித்தாள். கெங்கம்மாளின் மடியில் இடக்கையும் கிள்ளியது, தொட்டது, சற்றே உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் வலக்கையைவிட ஒரு நொடி முந்தி.

கெங்கம்மாளின் முந்தானையை இழுத்து அதை மூடி, மேலே தன் கையை அழுத்தி வைத்தாள்.

"இன்னா மேரி?" என்றார் சக்கரபாணி.

"ஒண்ணுமில்லீங்க. துணி வெலகிச்சு."

அவள் உள்ளங்கைக்குக் கீழே அது கிள்ளிக்கொண்டே இருந்தது.