வானத்தில் ஒரு மடிப்பு

பவளத்துக்குக் கௌபாய் படங்களில் பைத்தியம் என்று இறுதிச் சடங்கில் மூன்று பேர் பேசினார்கள். பிழை. கௌபாய்களில் அவருக்கு ஓர் அக்கறையும் இருக்கவில்லை. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் பார்த்தது அவர்களுக்குப் பின்னால் நின்ற மலையை.

அவர் இறந்த செய்தியை அவருடைய மகன் ரவி தொலைபேசியில் சொன்னார். நான் காலைப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "அன்ரி, அம்மா மோசம் போயிட்டா. நித்திரையிலதான். தன்ர வீட்டில, தன்ர கட்டிலில" என்றார். கட்டிலை அவர் ஏன் குறிப்பிட்டார் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. நினைவு மலருக்கு எழுதித் தரும்படி ரவி கேட்டபோது, அதையே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரே தெருவில் தனித்தனியே வாழ்ந்த இரண்டு விதவைகள் நாங்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். சனிக்கிழமைப் பிற்பகல்களில் பழைய அமெரிக்கத் தொடர்களைத் தொலைக்காட்சியில் மறுபடியும் போடுவார்கள். அவருடைய வீட்டில் இருந்து பார்ப்போம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் கன்னியர் மடத்தில் ஆங்கிலத்தில் படித்தவள். ஆகவே கதையை நான் சொல்லிக்கொண்டு வருவேன். அவர் கேட்பதில்லை.

"அக்கா, உந்தக் கல்லைப் போன கிழமையும் கண்டனான். இப்ப மூண்டாம் தரமா அதைச் சுத்தி ஓடுறாங்கள்."

"கதையைப் பாரும், பவளம்."

"கதையை நீங்கள் பாருங்கோ. பேச்சு விளங்காத நான் வேற எங்க பாக்கிறது?"

அதன் பிறகு எனக்கும் கண்ணில் படத் தொடங்கியது. வாரத்துக்கொரு ஊர் என்று காட்டிய தெரு எப்போதும் ஒரே தெரு. பெயர்ப்பலகையை மாற்றுவார்கள், மதுக்கடை வாசலில் உடைந்த படி அப்படியே இருக்கும். "உந்த வீடுகள் ஒண்டுக்கும் குசினி இல்லை அக்கா. முன்சுவர் மட்டும்தான். பசிச்சா என்ன செய்வினம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் ஆங்கிலம் உதவவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் சமையலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். ரவி மிச்சம் (Mitcham) என்ற அடுத்த ஊரில் இருந்தார், ஷிப்ட் வேலை. தாய் தனியே இருப்பது பற்றிக் கவலைப்பட்டார். அதில் நியாயம் இருந்தது. நினைவாற்றலைச் சோதிக்க வைத்தியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ரவியே மொழிபெயர்த்தார். அண்மையில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கண்டீர்களா என்பது ஒரு கேள்வி. பவளம் உண்மையைச் சொன்னார். ரவி அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னார். முதியோர் இல்லத்தில் இடம் பார்ப்பதென்று பேச்சு எழுந்தது. தமிழ் பேசும் ஒருவரும் அங்கே இல்லை.

அன்று மாலை ரவி என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அன்ரி, அம்மா இல்லாததெல்லாம் காணுறா. வானத்தில மடிப்பு விழுந்து கிடக்காம். ஒரு ஆளின்ர நிழல் மலைக்கு மேலால போய் வானத்தில விழுந்ததாம்."

"ஓம். விழுந்தது. நானும் கண்டனான்."

அவர் என்னையும் ஒருமுறை உற்றுப் பார்த்தார். என்னுடைய பெயரையும் அந்த இல்லத்தில் பதியலாமா என்று அவர் யோசித்திருக்கக்கூடும்.

அது தொலைக்காட்சிப் படத்தில் கண்டது என்று விளக்கிச் சொன்னேன். அவர் பாதிதான் நம்பினார். அடுத்த சனிக்கிழமை, முதியோர் விடயங்களைக் கவனிக்கும் ஒரு பெண்மணியை உள்ளூர் கவுன்சிலிலிருந்து வரச் செய்தேன். பவளம் முறிந்த கையைக் கழுத்தில் மாட்டிய பட்டியில் தாங்கியபடி, நல்ல சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தார். படம் தொடங்கியது. அன்று பார்த்து எல்லாமே உண்மையான வெளி; உண்மையான ஆறு, உண்மையான மரங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் போயிற்று. ரவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண்மணி பேனையை மூடினார்.

"பொறுங்கோ," என்றார் பவளம். "நெருப்பு மூட்டுவாங்கள். அப்ப வரும்."

மூட்டினார்கள். ஸ்ரூடியோவுக்குள், மலையும் வானமும் தீட்டிய திரைக்கு முன்னால் எடுத்த காட்சி அது. கோப்பி குடித்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். அவனுடைய நிழல் தொலைவிலிருந்த மலையில் ஏறி, தொப்பியோடு வானத்தில் போய் நின்றது. அந்தத் தொப்பிக்குப் பக்கத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே, சரியாக இஸ்திரி போடாத சேலையைப் போல ஒரு நீண்ட மடிப்பு.

ரவி எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனார்.

"அக்கா, அவவுக்குச் சொல்லுங்கோ. நான் விசரியில்லை. துணியைத் துணியெண்டு சொன்னனான்."

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். மறுபடி சோதனை நடந்தது. இம்முறை மொழிபெயர்த்தவள் நான். இல்லத்தின் பேச்சு அத்தோடு நின்றது. குளியலறையில் பிடித்து நடக்க ஒரு கம்பி பூட்டிக் கொடுத்தார்கள். அதைக் காட்டி, "இதாவது மெய்யான சுவரில பூட்டியிருக்கு," என்றார் பவளம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. எங்கள் தேவாலயப் பங்கில் யாராவது வந்து, தாய் தகப்பன் ஏதோ தடுமாறிப் பேசுகிறார்கள் என்று சொன்னால், "எங்க பாத்துக்கொண்டு சொன்னவை?" என்று முதலில் கேட்கிறேன். சிலவேளை மறதிதான். எப்போதும் அல்ல.

ரவி, வைத்தியர் வந்த விடயத்தை விட்டுவிடும்படி நேற்றுத் தொலைபேசியில் கேட்டீர். உம்மைக் குறை கூற இதை எழுதவில்லை. நீர் அன்று எழுந்து போய்ப் பார்த்தீர்; பல பிள்ளைகள் எழும்பமாட்டார்கள். ஆனால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டால், உம்முடைய அம்மா கௌபாய் படம் பார்த்த ஒரு கிழவியாகத்தான் மலரில் இருப்பார். இதை முழுமையாக அச்சிடுகிறீரா, இல்லையா என்பதை எனக்கு எழுத்தில் அறியத் தாரும்.